முட்டி வலியும் எங்க அத்தையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும் படிச்சேன். குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுறதோடு சரி. கடன், கறவை மாடு, தையல் மெஷின் பத்திப் பேச இங்கே நிறைய பேர் இருக்காங்க. "நீ உங்க மாமியாருக்கு முட்டி வலிக்குப் பாத்ததைச் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. இதெல்லாம் மேடையில் பேசுற விஷயமா என்று தயங்கினேன். ஆனா இங்கே ஏறி நின்னு பாத்தா, வயசான அக்காங்க பாதிப் பேர் சுவரோரமா இடம் பிடிச்சு உக்காந்திருக்கீங்க. சுவரைப் பிடிச்சாத்தான் எழுந்திரிக்க முடியும், அதானே? அதனால் பேசிடலாம் என்று தைரியம் வந்துடுச்சு.

எங்க வீட்டுக்காரரோட அம்மாவை நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். இப்ப 66 வயசு. நான் கல்யாணமாகி வந்தப்போ நடவுக்குப் போய்க்கிட்டிருந்தாங்க. காலையில் சேத்துல இறங்கினா மதியம் வரைக்கும் குனிஞ்ச இடுப்பு நிமிராது. தை அறுப்பு முடிஞ்சா உளுந்து, பயறு எடுக்கணும், அதுக்குக் குந்திக்கிட்டே நகரணும். சாயங்காலம் வந்து தண்ணிக் குடம். அப்புறம் 100 நாள் வேலை. நாப்பது வருஷம் அப்படி உழைச்ச முட்டி அது.

எங்க குழுவை ஆரம்பிச்சப்போ முதல்ல சேர்ந்தவங்கள்ல அத்தையும் ஒருத்தங்க. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே குழுவுக்கு வந்துதான். 58 வயசுல திடீர்னு ஒருநாள், "எனக்கு முடியல, இனிமே நீ போ"ன்னு சொல்லி என்னைச் சேத்துவிட்டுட்டாங்க. சரி, வயசாயிடுச்சு, பேரப்பிள்ளைங்களோடு இருக்க ஆசைப்படுறாங்க என்று நானே நினைச்சுக்கிட்டேன். ஏன் அத்தைன்னு ஒரு வார்த்தை கேக்கல.

வலி அப்போவே இருந்திருக்கு. நாங்க செஞ்ச வைத்தியத்தைச் சொல்றேன், உங்க வீட்டிலயும் இதுதான் நடந்திருக்கும். முதல்ல தைலம். அப்புறம் முடக்கத்தான் கீரை. அதை தோசையில போட்டா நல்லா இருக்கும், ருசிக்காகச் சாப்பிடுங்க, அதை மட்டும் நம்பி வைத்தியத்தை விட்டுடாதீங்க. அப்புறம் டவுன்ல ஒருத்தர்கிட்ட ஊசி. போட்ட மறுநாள் அத்தை ஓடியாடி வேலை செய்வாங்க. இருபது நாள் போனா மறுபடியும் அதே கதை. என்ன ஊசின்னு அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை, ஒரு சீட்டுகூட கொடுத்ததில்லை. அதுவும் செலவு தாங்காம மருந்துக் கடையில "முட்டி வலிக்குக் கொடுங்க"ன்னு கேட்டு, பேப்பர்ல மடிச்சுக் கொடுக்கிற மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிச்சு.

நான் என் பங்குக்கு ஒண்ணு செஞ்சேன். அத்தையை ஒரு வேலையும் செய்ய விடல. கட்டில்லயே சாப்பாடு, கட்டில்லயே காபி. "நீங்க எந்திரிக்காதீங்க அத்தை, நான் பாத்துக்கிறேன்"ன்னு ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லுவேன். மருமகள்னா இப்படி இருக்கணும்னு தெருவே பேசிச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான். பொய் சொல்ல மாட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, கோடையில, அத்தைக்குக் குளிர் காய்ச்சல், நீர்க்கடுப்பு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்க நர்ஸ், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க பாட்டி?" என்று கேட்டாங்க. அத்தை என்னைப் பாத்தாங்க, தரையைப் பாத்தாங்க, "குடிக்கிறேன்"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் அது ஒரு மாதிரியா இருந்தது. அன்னைக்கு ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு மெதுவாக் கேட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்ல. அப்புறம்தான் சொன்னாங்க.

எங்க வீட்டுல கழிப்பறை இருக்கு. அரசாங்கம் கொடுத்த 12,000 ரூபாயும் எங்க பணமும் போட்டுக் கட்டினது. குந்தி உக்கார்ற கழிப்பறை. அத்தையால குந்த முடியும், கஷ்டப்பட்டு. எழுந்திரிக்க முடியாது. ஒருநாள் உள்ளே போனவங்க எழுந்திரிக்க முடியாம அரை மணி நேரத்துக்கு மேல அப்படியே இருந்திருக்காங்க. தண்ணிக் குழாயைப் பிடிச்சு எழும்பப் பாத்திருக்காங்க, குழாய் கழண்டு கையோட வந்துடுச்சு. கூப்பிட்டா அக்கம்பக்கத்துல கேக்கும், யாராவது கதவைத் திறந்துட்டா மானம் போயிடும்னு கூப்பிடவும் இல்ல. எப்படியோ சுவத்துல கையை ஊனி, முழங்கால்ல தவழ்ந்து வெளியே வந்திருக்காங்க.

அன்னையிலிருந்து மத்தியானம் மூணு மணிக்கு மேல தண்ணி குடிக்கிறதில்லை. ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்கிட்டாங்க. "பசிக்கலம்மா"ன்னு சொல்லித் தட்டை நகர்த்தும்போதெல்லாம் நான் நம்பினேன். குழாய் உடைஞ்சதுக்குப் பிள்ளைங்களைத் திட்டினேன்.

அந்த அரை மணி நேரம் நான் எங்க இருந்தேன் தெரியுமா? குழுக் கூட்டத்துல. அத்தையோட இடத்துல உக்காந்து தீர்மானம் எழுதிக்கிட்டிருந்தேன்.

அப்போதான் குழுவை ஏன் விட்டீங்கன்னும் கேட்டேன். நம்ம கூட்டம் கோயில் மண்டபத்துல நடக்கும். ஏறுறதுக்கு ஏழு படி. ஏறிட்டா ரெண்டு மணி நேரம் தரையில சம்மணம் போட்டு உக்காரணும். முடிஞ்சு எல்லாரும் சட்டுனு எழுந்து போவாங்க, அத்தை மட்டும் புடவையைச் சரி பண்ற மாதிரி, எதையோ தேடுற மாதிரி உக்காந்திருந்து, எல்லாரும் போனப்புறம் தூணைப் பிடிச்சு எழுந்திரிப்பாங்களாம். ஒருநாள் ஒருத்தங்க விளையாட்டா, "என்னக்கா, பணத்தை எண்ணிட்டுத்தான் போவியா?"ன்னு கேட்டிருக்காங்க. அதோட நின்னுட்டாங்க.

அந்த வாரமே நம்ம சுகாதாரத் தன்னார்வலர் அத்தைக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க வந்தாங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் உங்க எல்லாருக்கும் தெரியும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினது. அதுல வீடு வீடாப் போறவங்க நம்ம மாதிரிக் குழுப் பெண்கள்தான். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொடுக்கிறது மட்டும்தான் அந்தத் திட்டம் என்று நான் நினைச்சிருந்தேன். வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித் தர்ற இயன்முறை மருத்துவமும் அதுல உண்டு. நாம கேட்டாத்தானே தெரியும். நான் சொன்னதைத் தன்னார்வலர் எழுதிக்கிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் பிசியோ டாக்டரம்மா வந்துட்டாங்க.

அதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்கிட்ட அந்தப் பேப்பர் மாத்திரையைக் காட்டினோம். அதுல ஒண்ணு டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை. பிரஷர் இருக்கிறவங்க அதைக் கேக்காம கொள்ளாம வருஷக்கணக்கா சாப்பிட்டா பிரஷர் ஏறும், வயித்துல புண்ணு வரும், கிட்னி கெடும் என்று சொன்னார். வயித்தெரிச்சலுக்கு அத்தை தனியா இன்னொரு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டிருந்தது அப்போதான் எனக்கே தெரியும். ரத்தம் எடுத்துப் பாத்ததுல கிட்னி அளவு கொஞ்சம் கூடியிருந்தது. மாத்திரையை நிறுத்தினோம். வலி தாங்காத நாளுக்கு மட்டும் பாராசிட்டமால், அதுவும் அவர் சொன்ன அளவுக்கு. வலி மாத்திரை சாப்பிடுற யாருக்காவது மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போனா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம்.

பிசியோ டாக்டரம்மா வந்து அத்தை தொடையைத் தொட்டுப் பாத்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "யார் இவங்களை இப்படிப் படுக்க வச்சது?"ன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். முட்டியில ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு தேய்ஞ்சு போச்சு, அதைப் பழையபடி ஆக்க முடியாது, ஆனா முட்டியைத் தாங்கிப் பிடிக்கிறது தொடைச் சதை, நீங்க உக்கார வச்சு உக்கார வச்சு அந்தச் சதையும் கரைஞ்சு போச்சு, இப்ப முழு பாரமும் முட்டியில இறங்குதுன்னு சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அத்தைதான், "அது நல்லதுன்னுதான் செஞ்சிச்சு, அதை ஒண்ணும் சொல்லாதீங்க"ன்னு எனக்காகப் பேசினாங்க.

அவங்க சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் சொல்றேன். காசு செலவில்லை. கட்டில்ல காலை நீட்டி உக்காந்து, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில வைக்கணும். முட்டியால துண்டைக் கீழ்நோக்கி அமுக்கணும். தொடை இறுகும். அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிச்சுட்டு விடணும். இந்த மாதிரி ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையிலும் சாயங்காலமும். எங்க அத்தை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண மாட்டாங்க. களத்துல மரக்கால்ல நெல் அளந்த பழக்கம், "லாபம், ரெண்டு, மூணு"ன்னுதான் எண்ணுவாங்க. என் சின்னப் பொண்ணும் இப்போ அப்படித்தான் எண்ணுறா. பள்ளிக்கூடத்துல அப்படி எண்ணி டீச்சர்கிட்ட மாட்டிக்கிட்டா, அது வேற கதை.

ரெண்டாவது பயிற்சி, கை வச்ச நாற்காலியில உக்காந்து மெதுவா எழுந்து, மெதுவா உக்கார்றது. நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடுங்க, இல்லேன்னா பின்னால வழுக்கிடும். முதல் நாள் அத்தையால மூணு தடவைதான் முடிஞ்சது. மூணாவது, நடை. வாசல்லருந்து முக்கு வீடு வரைக்கும் போய் வர்றது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுறது. பயிற்சி செய்யும்போது லேசா வலிக்கும், அதுக்குப் பயப்படக் கூடாது. மறுநாளும் வலி கூடியே இருந்தாலோ, முட்டி வீங்கினாலோ குறைச்சுக்கணும்.

கைத்தடி பிடிக்க அத்தைக்கு ரொம்ப வெக்கம். கிழவின்னு சொல்லுவாங்களாம். பேரன்தான் கடையில நல்லதா ஒண்ணு வாங்கிக் கொடுத்தான். நாங்க எல்லாரும் வலிக்கிற கால் பக்கம்தான் தடி பிடிக்கணும்னு நினைச்சோம். அது தப்பு. வலது கால்ல வலின்னா இடது கையில தடி. படி ஏறும்போது நல்ல காலை முதல்ல வைக்கணும், இறங்கும்போது வலிக்கிற காலை முதல்ல இறக்கணும். இந்த ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டதுலயே அத்தைக்குப் பாதி பயம் போயிடுச்சு.

சாப்பாட்டு விஷயமும் ஒண்ணு இருக்கு. வாயு, வாயுன்னு சொல்லி அத்தை பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை எல்லாத்தையும் விட்டிருந்தாங்க. தேய்மான வலிக்கு அந்தப் பத்தியமெல்லாம் வேண்டாம், சதை ஏறணும்னா பருப்பும் முட்டையும் வேணும், அரிசிச் சோறும் எண்ணெய்ப் பலகாரமும்தான் குறையணும், எடை குறைஞ்சா முட்டிக்குப் பாரம் குறையும்னு டாக்டர் சொன்னார். முட்டையைக் கண்டதும் அத்தை முகத்தைப் பாக்கணுமே!

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், இதமா இருக்கும். ஆனா சர்க்கரை இருக்கிறவங்களுக்குக் கால்ல சூடு தெரியாது, கொப்புளம் வந்துடும். முதல்ல உங்க கையில வச்சுப் பாருங்க. முட்டி சிவந்து, தொட்டாலே சுட்டு, காய்ச்சலும் இருந்தா ஒத்தடம் வேண்டாம். உடனே டாக்டர்.

இப்போ கழிப்பறைக்கு வர்றேன். நடுவுல துளை வச்ச கமோடு நாற்காலின்னு ஒண்ணு விக்குது. கீழ்ப் பீங்கான் மேல அதை வச்சுட்டு உக்காரலாம், வீட்டுல மத்தவங்க போகும்போது எடுத்து ஓரமா வச்சுக்கலாம். நாற்காலிக்கும், சுவத்துல இரும்புக் கைப்பிடி வைக்கவும் சேத்து 3,000 ரூபாய் ஆகும்னு தெரிஞ்சது. குழுவுல உள்கடன் கேட்டேன். என்னத்துக்குக் கடன்னு கேட்டாங்க. சொன்னேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. "மாடு, மளிகைக் கடைன்னு எழுதுற புத்தகத்துல கக்கூஸ் நாற்காலின்னு எழுதுறதா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நான் எழுந்து நின்னேன். எனக்குக் கோபம் வந்தா குரல் நடுங்கும். நடுங்கிக்கிட்டேதான் சொன்னேன், "இந்தப் புத்தகத்துல முதல் பக்கத்துல கையெழுத்துப் போட்டவங்க, எழுந்திரிக்க முடியாம தவழ்ந்து வந்தாங்க"ன்னு. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாசத் தவணை. நோக்கம்னு இருக்கிற இடத்துல "கழிப்பறை நாற்காலி"ன்னு என் கையாலயே எழுதினேன். கடன் கட்டி முடிச்சாச்சு.

நாற்காலி வந்த அன்னைக்கு ராத்திரி அத்தை ரெண்டு சொம்புத் தண்ணி குடிச்சாங்க. நான் எண்ணினேன்.

வீட்டுலயும் சில மாத்தம் செஞ்சோம். தாழ்வான கயித்துக் கட்டில் கால்களுக்கு அடியில செங்கல் வச்சு உயர்த்தினோம், ஆடாம சிமெண்ட் பூசி. அரிவாள்மனையை விட்டுட்டு மேசையில கத்தி. இப்போ காய் நறுக்குறது அத்தை வேலைதான், நான் தடுக்கிறதில்லை. வாசப்படியில பிடிச்சுக்க ஒரு குழாய். வலி போச்சான்னு கேட்டீங்கன்னா, போகல. மழைக்காலத்துல இன்னும் முனகுவாங்க. ஆனா கோயிலுக்குத் தானா நடந்து போறாங்க, நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கிறது பதினஞ்சு தடவை வருது.

இதையெல்லாம் கேட்டுட்டு எல்லா மூட்டு வலியும் ஒண்ணுதான்னு நினைச்சுடாதீங்க. எங்க தெருவுல ஒரு தங்கச்சி, நாப்பது வயசுகூட ஆகல. காலையில எழுந்தா ரெண்டு கை விரலும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல மடக்க முடியாது. மாவு பிசைஞ்ச வலின்னு விட்டுட்டா. அது முடக்குவாதம். வயசால வர்றதில்லை, சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கலேன்னா விரலே கோணிப் போயிடும். பெரிய ஆஸ்பத்திரியில காட்டித்தான் மருந்து எடுக்கணும். அதுல மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை உண்டு, வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும். தெரியாம தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. அந்தத் தங்கச்சி வீட்டுக் காலண்டர்ல ஞாயிற்றுக்கிழமை எல்லாத்தையும் சிவப்பு மையால வட்டம் போட்டு வச்சிருக்கோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்க அந்த மாத்திரை சாப்பிட்டா, யாராவது ஒருத்தர் அந்த நாள்ல கையில எடுத்துக் கொடுங்க.

கடைசியா, எங்க குழுவுல நடந்ததைச் சொல்லிட்டு, ஒரு கோரிக்கையும் வச்சு முடிச்சுக்கிறேன். கடன் தீர்மானம் போட்ட அன்னைக்கே, கூட்டத்தை மண்டபத்துலருந்து அங்கன்வாடிக்குப் பக்கத்துத் திண்ணைக்கு மாத்தினோம். அங்கே ஒரே படி. தாமதமா வர்றவங்ககிட்ட வசூல் பண்ணின அபராதப் பணம் சேர்ந்திருந்தது, அதுல ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினோம். முதல்ல யாரும் உக்காரல. தலைவி தரையில இருக்கும்போது நான் எப்படி நாற்காலியில உக்கார்றதுன்னு வெக்கம். அப்புறம் தலைவியே ஒண்ணுல உக்காந்தாங்க. அவங்களுக்கும் முட்டி வலியாம், நாலு வருஷமா யார்கிட்டயும் சொல்லல! இப்போ ஆறு நாற்காலியும் போதல. வயசு காரணமா பேரை எடுத்துக்கிட்ட மூணு பேர், கடன் இல்லேன்னாலும் பரவாயில்லைன்னு கூட்டத்துக்கு வந்து உக்கார்றாங்க. பழைய கணக்கு, யார் வாங்கினா யார் கட்டலைன்னு அவங்களுக்குத்தான் மனப்பாடம்.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை. மாதக் கூட்டம் மாடியில நடக்குது, கைப்பிடி இல்லாத படி. அதைக் கீழே நடத்தணும். கழிப்பறை நாற்காலி, கைப்பிடி, கைத்தடிக்குக் கடன் கேட்டா எந்தக் குழுவிலும் சிரிக்காம கொடுக்கணும்னு ஒரு தீர்மானம் போடணும். கூட்டமைப்புப் பணத்துல ரெண்டு கமோடு நாற்காலி வாங்கி வச்சா, கால் முறிஞ்சவங்க, ஆபரேஷன் பண்ணினவங்க மாத்தி மாத்தி எடுத்துக்கலாம்.

அத்தை இங்கதான் இருக்காங்க, மூணாவது வரிசையில, நாற்காலியில. கழிப்பறை விஷயத்தை மேடையில சொல்லட்டுமான்னு நேத்து ராத்திரி கேட்டேன். ரொம்ப யோசிச்சுட்டு, "சொல்லு, ஆனா என் பேரைச் சொல்லாத"ன்னாங்க. பேரைச் சொல்லலை அத்தை.